மூலம் என்று முடிவு கட்டும் முன்: ஆசனவாய்ப் புற்றுநோய்

வடசென்னையின் விம்கோ நகரில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் ஏறுகிறவர்களுக்குப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்கள் மனப்பாடமாகியிருக்கும். மூலம், பவுத்திரம், வெடிப்பு. ஆபரேஷன் கிடையாது, வலி கிடையாது, கீழே ஒரு செல்போன் எண். மலம் கழிக்கும்போது ரத்தம் பார்த்த பலரும் முதலில் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான். அதற்கும் முன்பே வீட்டில் வைத்தியம் நடந்திருக்கும். உடம்புச் சூடு என்று இளநீர், வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம், துத்திக்கீரை, கருணைக்கிழங்கு மசியல், நாட்டு மருந்துக் கடை லேகியம். பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும், ஆறியும் விடும். மிச்சமுள்ள சிலருக்காகத்தான் இந்த அத்தியாயம்.

ஆசனவாய்ப் புற்றுநோய் அரிதானது. இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. அரிது என்பதாலேயே வருகிறவருக்கு ஆபத்து கூடுகிறது. நோயாளிக்கு அது நினைவுக்கு வராது, அவசரத்தில் இருக்கும் மருத்துவருக்கும் வராது. மூலத்துக்கென்று களிம்பும் மாத்திரையும் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே 1 செ.மீ. கட்டி 5 செ.மீ. ஆகியிருக்கும். இத்தனைக்கும் இது குணமாகக்கூடிய புற்றுநோய்களில் ஒன்று. கட்டி இருந்த இடத்தைத் தாண்டாத நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அமெரிக்கப் பதிவேடுகள் காட்டுகின்றன. அதுவும் பெரும்பாலும் கத்தி வைக்காமலே.

எந்த அறிகுறிக்கு எழுந்து போக வேண்டும்

ரத்தம்தான் முதல் அறிகுறி. கூடவே உட்கார்ந்தால் வலி, உள்ளே ஏதோ அடைத்த மாதிரி இருப்பது, மலம் கழித்த பிறகும் முடியாதது போன்ற உணர்வு, மலம் ரிப்பன் போல் மெலிந்து வருவது, விடாத அரிப்பு, சளி போன்ற கசிவு, உள்ளாடையில் கறை, தொட்டால் தட்டுப்படும் கெட்டியான முடிச்சு. சிலருக்கு எதுவுமே இருக்காது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், இந்தப் பகுதியில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்: கவட்டில் நெறி கட்டுவது. காசிமேட்டில் வலை இழுக்கிறவருக்கும் எண்ணூர்ப் பட்டறையில் செருப்பில்லாமல் நிற்கிறவருக்கும் காலில் புண் வந்தால் நெறி கட்டும், நாலு நாளில் வடிந்துவிடும். காலில் புண்ணே இல்லாமல், வலியும் இல்லாமல், கல் போல ஒரு நெறி வாரக்கணக்கில் நின்றால் அது வேறு சங்கதி. ஆசனவாயின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் நிணநீர் கவட்டு நெறிகளுக்குத்தான் போகிறது. அதனால் இந்தப் புற்றுநோய் பரவும்போது முதலில் நிற்கிற இடங்களில் அதுவும் ஒன்று.

மூலத்துக்கும் புற்றுநோய்க்கும் வெளியிலிருந்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூலத்தில் ரத்தம் சொட்டும், பெரும்பாலும் வலி இருக்காது. வெடிப்பில் கண்ணாடித் துண்டு கிழித்தாற்போல வலிக்கும், ரத்தம் கொஞ்சம்தான் வரும். பவுத்திரத்தில் சீழ் வரும். புற்றுநோயில் இவை மூன்றும் வரலாம் என்பதுதான் சிக்கல். மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே அறிகுறியை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் யாரையும் நம்ப வேண்டாம். அவர் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம் இருந்தாலும் சரி.

என் கணக்கு இது. இரண்டு மூன்று வாரத்தில் நிற்காத ரத்தம், திரும்பத் திரும்ப வரும் ரத்தம், நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் ரத்தம், எந்த வயதிலும் கையில் தட்டுப்படும் கெட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மருத்துவர் கையுறை போட்டு விரலால் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் எழுதிய சீட்டு பாதிச் சீட்டுதான்.

அந்த ஒரு நிமிடம்

இந்தப் பரிசோதனைக்குப் பயந்து வருஷக்கணக்கில் ஒளிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் என்ன நடக்கும் என்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன். திரைக்குப் பின்னால் கட்டிலில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்ள வேண்டும். வேட்டியோ லுங்கியோ பாவாடையோ முழுக்க அவிழ்க்க வேண்டியதில்லை, ஒதுக்கினால் போதும். மருத்துவர் முதலில் வெளித்தோலைப் பார்ப்பார். பிறகு கையுறை விரலில் ஜெல்லி தடவி, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்பார். விடும்போது விரல் உள்ளே போகும். மலம் வருகிற மாதிரி ஓர் உணர்வு இருக்கும், ஆனால் வராது. விரலைச் சுற்றிலும் ஒருமுறை திருப்பிப் பார்த்து எடுத்துவிடுவார். கையுறையில் ரத்தம் இருக்கிறதா என்று கவனிப்பார். தேவைப்பட்டால் புராக்டோஸ்கோப் என்ற சிறு குழாயை வைத்து விளக்கடித்துப் பார்ப்பார். கவட்டை இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பார். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம்.

கடுமையான வெடிப்பு இருந்தால் தொடவே விடாத வலி இருக்கும். அப்போது கட்டாயப்படுத்தக் கூடாது, மயக்கம் கொடுத்துப் பார்ப்பார்கள். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம், துணைக்கு ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். அது சலுகை அல்ல, முறை.

மருத்துவர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். "டாக்டர், ஒரு மாசமா ரத்தம் நிக்கல. ஒரு தடவை கை விட்டுப் பாத்துடுங்க" என்றால் போதும். இதைச் சொல்வதற்குக் கூச்சப்பட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, அதிலும் தவறில்லை.

இன்னொரு கேள்வி மூலத்துக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு: "வெட்டின சதையை பயாப்சிக்கு அனுப்பினீங்களா?" மூலம் என்று நினைத்து அகற்றிய சதையில் புற்றுநோய் தெரியவந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு. அனுப்பாமல் குப்பையில் போட்டால் அது தெரியாமலே போகும்.

உள்ளே என்ன இருக்கிறது

ஆசனவாய்க் குழாய் வெறும் 3 முதல் 4 செ.மீ. நீளம். மேலே மலக்குடல், கீழே வெளித்தோல், சுற்றிலும் நம் கட்டுப்பாட்டில் மலத்தை நிறுத்திவைக்கும் சுருக்குத் தசை. குழாயின் நடுவில் ஓர் எல்லை. அதற்கு மேலே குடலின் உட்சவ்வு, வலி தெரியாது. கீழே தோலைப் போன்ற சவ்வு, ஊசி முனை பட்டாலும் தெரியும். மேலே வளரும் கட்டி சத்தமில்லாமல் வளர்வதற்கும் கீழே வளர்வது சீக்கிரம் காட்டிக்கொடுப்பதற்கும் காரணம் இதுதான்.

இந்த எல்லைதான் வகையையும் தீர்மானிக்கிறது. பயாப்சி ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று இருந்தால் அது தோல் போன்ற சவ்விலிருந்து வந்தது. உலகம் முழுக்க ஆசனவாய்ப் புற்றுநோய்களில் பெரும்பங்கு இதுவே. பேஸலாய்டு, குளோயகோஜெனிக் என்று எழுதியிருந்தாலும் அதே குடும்பம்தான், சிகிச்சையும் அதேதான். அடினோகார்சினோமா என்று இருந்தால் சுரப்பிகளிலிருந்து வந்தது. பல வருஷம் பவுத்திரத்தோடு காலம் தள்ளியவர்களுக்கு அந்த வழியிலேயே இது வருவதுண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் மலக்குடல் புற்றுநோய் கீழே இறங்கி ஆசனவாயைத் தொட்டிருக்கும், அதுவும் அடினோகார்சினோமாதான். மெலனோமா மிக அரிது. பெரும்பாலும் கறுத்த முடிச்சாக இருக்கும், ரத்தம் கட்டிய மூலம் போலவே தெரியும், வேகமாகப் பரவும். வெளித்தோலில் மட்டும் வரும் சில தோல் புற்றுநோய்கள் உண்டு. அவற்றைச் சின்ன அறுவையிலேயே எடுத்துவிடலாம்.

இந்தப் பெயர்களை ஏன் மெனக்கெட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? ஸ்குவாமஸ் என்றால் முதல் சிகிச்சை கதிர்வீச்சும் கீமோவும். அடினோகார்சினோமா என்றால் அவற்றோடு பெரும்பாலும் அறுவையும் உண்டு. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 'அதே இடத்தில்' வந்து வயிற்றில் மலப் பை வைத்தார்கள் என்பதற்காக உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்து ஓடிவிடக் கூடாது. அவருடையது வேறு நோயாக இருந்திருக்கலாம்.

காரணம்: புகைபோக்கி அல்ல, வைரஸ்

மணலியிலிருந்து எண்ணூர் வரை வாழ்கிற ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும் குடும்பம் முதலில் கைகாட்டுவது ஆலைப் புகையைத்தான். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது, அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது, எல்லாம் கண்ணால் பார்த்தவர்கள். அந்தக் கோபம் நியாயமானது, அதற்கு வேறு இடத்தில் பதில் சொல்லப்பட வேண்டும். ஆனால் இந்த ஒரு புற்றுநோய்க்குப் பிரதான காரணம் காற்றில் இல்லை. எச்.பி.வி. என்ற வைரஸ்தான், அதிலும் 16ஆம் எண் வகை. பத்தில் ஒன்பது ஸ்குவாமஸ் கட்டிகளில் எச்.பி.வி. இருக்கிறது. பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருவதும் இதே வைரஸ். அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

எச்.பி.வி. உடலுறவு வழியாகவும் தோலோடு தோல் உரசுவதாலும் பரவுகிறது. திருமண வாழ்வில் இருக்கும் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, தெரியாமலே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, இருபது முப்பது ஆண்டு கழித்துத் தொல்லை கொடுக்கும். ஆசனவாய் வழி உறவு ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. அப்படி ஒரு பழக்கமே இல்லாத பெண்களுக்கும் ஆண்களுக்கும் வருகிறது என்பதும் அதே அளவு உண்மை. மேலை நாடுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் விசாரிக்கத் தொடங்க வேண்டாம். வைரஸ் எந்த வருஷம் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அமெரிக்க நடிகை மார்சியா கிராஸ் 2019இல் தனக்கு இந்த நோய் வந்ததை வெளிப்படையாகப் பேசினார். அவருடைய கணவருக்கு அதற்கு முன்பே தொண்டைப் புற்றுநோய் வந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். மார்சியா பேசியதே இந்த நோயின் மேலுள்ள வெட்கத்தை உடைக்கத்தான்.

யாருக்கு ஆபத்து கூடுதல்? எச்.ஐ.வி. உள்ளவர்கள், சிறுநீரக மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், கருப்பைவாயிலோ பெண்ணுறுப்பிலோ புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்தவர்கள், ஆண்களோடு உறவுள்ள ஆண்கள், திருநங்கையர். அடுத்தது சிகரெட், பீடி. விம்கோ என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தீக்குச்சியை எதற்கு உரசுகிறோம் என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வைரஸை விரட்டும் எதிர்ப்பாற்றலைப் புகை மட்டுப்படுத்துகிறது. கதிர்வீச்சு நடக்கும்போது புகைத்தால் புண் ஆறாது.

எச்.ஐ.வி. பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் முதன்முதலில் அது கண்டறியப்பட்டது 1986இல், இதே சென்னையில், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில். அன்று மரணத் தீர்ப்பாக இருந்தது. இன்று வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு முழு ஆயுள் வாழ்கிறார்கள். அப்படி நீண்டநாள் வாழ்கிறவர்களுக்குத்தான் இந்தப் புற்றுநோயைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ள, 35 வயது தாண்டிய நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆங்கர் ஆய்வு 2022இல் வெளியானது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை முன்கூட்டியே நீக்கியவர்களிடம் புற்றுநோய் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்கப் போகும்போது ஆண்டுக்கொரு முறை ஆசனவாய்ப் பரிசோதனை கேளுங்கள். தன் நிலை தெரியாதவர்கள் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம். இந்தப் புற்றுநோய் உறுதியான எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது வழக்கம். கேட்டதும் பதற வேண்டாம்.

உறுதி செய்வது

பயாப்சி இல்லாமல் புற்றுநோய் என்று சொல்லவும் கூடாது, இல்லை என்று சொல்லவும் கூடாது. கத்தி பட்டால் பரவிவிடும் என்பது நம் ஊரில் வேரோடிய நம்பிக்கை. கிள்ளி எடுக்கும் சிறு துணுக்கால் இந்தக் கட்டி பரவுவதில்லை. துணுக்கு எடுக்க விடாமல் கடத்திய மாதங்களில்தான் பரவுகிறது. பிறகு இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ., நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. அல்லது உடல் முழுவதற்கும் பெட் ஸ்கேன், கவட்டு நெறி இருந்தால் ஊசியால் உறிஞ்சிப் பரிசோதனை, பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை. கட்டி 2 செ.மீ.க்குள் இருக்கிறதா, 5 செ.மீ.ஐத் தாண்டிவிட்டதா, பக்கத்து உறுப்பைப் பிடித்திருக்கிறதா, நெறிக்குப் போயிருக்கிறதா, கல்லீரல் நுரையீரலுக்குப் போயிருக்கிறதா: ஸ்டேஜ் என்பது இவ்வளவுதான்.

கத்தி பின்னால் போன கதை

1908இல் லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் ஓர் அறுவை முறையை எழுதினார். மலக்குடல், ஆசனவாய், சுருக்குத் தசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் திறந்துவிடுவது. அங்கே ஆயுளுக்கும் ஒரு பை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் அதுதான் சிகிச்சை. 1970களில் டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ என்ற மருத்துவர், அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்கலாமே என்று மூன்று நோயாளிகளுக்குக் கொஞ்சம் கதிர்வீச்சும் இரண்டு மருந்தும் கொடுத்தார். பிறகு இருவருக்கு அறுவை செய்தார்கள். எடுத்த சதையில் புற்றுநோயைத் தேடினால் காணோம். மூன்றாமவர் அறுவைக்கே சம்மதிக்கவில்லை. அவருக்கும் கட்டி திரும்பவில்லை. 1974இல் இது வெளியானது. அறுவை வேண்டாம் என்று முரண்டு பிடித்த ஒரு நோயாளி மருத்துவத்துக்கே வழிகாட்டியது அபூர்வம்தான்.

கதிர்வீச்சோடு கீமோவும் சேர்ந்தால் அதே இடத்தில் நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று 1996இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. இன்று உலகம் முழுக்க, சென்னையிலும், ஸ்குவாமஸ் வகைக்கு இதுவே முதல் சிகிச்சை. சுருக்குத் தசை தப்பிக்கிறது, பெரும்பாலானவர்களுக்குப் பை தேவைப்படுவதில்லை. பை வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், தயவு செய்து இந்தப் பத்தியை மட்டுமாவது அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

முறை பெரும்பாலும் இப்படி. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தரை வாரம், ஏறத்தாழ 28 முறை கதிர்வீச்சு. முதல் வாரமும் ஐந்தாம் வாரமும் மைட்டோமைசின் ஊசி, கூடவே நாலு நாள் தொடர்ந்து இறங்கும் 5-எஃப்.யூ. ட்ரிப், அதற்குப் பதில் கேப்சைடபின் மாத்திரையும் கொடுக்கிறார்கள். கட்டி பரவியிருந்தால் கார்போபிளாட்டின், பேக்லிடாக்சல் ஊசிகளும், வசதிக்கேற்ப இம்யூனோதெரபி என்ற எதிர்ப்பாற்றல் சிகிச்சையும்.

28 நாள்: போவது, வருவது, தாங்குவது

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகருக்கு வந்தது இந்தப் பகுதி நோயாளிகளுக்குச் சின்ன விஷயம் அல்ல. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவது நரகம். நீல வழித்தடத்தில் வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. குடல் அறுவைத் துறை உண்டு, முதல் பரிசோதனைக்கும் பயாப்சிக்கும் அதுவே பக்கம். சென்ட்ரலில் இறங்கினால் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் கதிர்வீச்சோடு கூடிய புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. சின்னமலையிலோ கிண்டியிலோ இறங்கி ஆட்டோ பிடித்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, டாக்டர் சாந்தா அடுத்த ஆண்டே சேர்ந்து 2021இல் மறையும்வரை உழைத்த இடம். எங்கே போனாலும் ஒரே இடத்தில் தொடருங்கள். பாதியில் இடம் மாற்றுவதும் நடுவில் நாள் விடுவதும் கதிர்வீச்சின் பலனைக் குறைக்கும். ஆடி மாதம், கெட்ட நாள், வீட்டு விசேஷம் என்று நிறுத்தக் கூடாது.

தொடங்கும் முன் இடுப்பில் மையால் குறியிடுவார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னால் சொன்ன அளவு தண்ணீர் குடித்துக் காத்திருங்கள். பை நிறைந்திருந்தால் சிறுகுடல் கதிரின் பாதையிலிருந்து மேலே விலகும். இன்னும் பிள்ளை வேண்டும் என்றிருப்பவர்கள் தொடங்கும் முன்பே வாய் திறந்து கேட்க வேண்டும். ஆண்கள் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோக வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் வாரத்தில் தோல் சிவக்கும், பிறகு கவட்டிலும் பின்புறத்திலும் வெந்து உரியும். சென்னை வெயிலில் இது கொடுமை. அகலமான பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு நாளில் இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் உட்காருங்கள். டெட்டால் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், பவுடர் வேண்டாம். மலம் கழித்ததும் தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டில் உள்ளாடையில்லாமல் பழைய பருத்தி லுங்கியோ நைட்டியோ போதும். களிம்பு மருத்துவர் எழுதியது மட்டும். வலி மாத்திரையைத் தாங்கமுடியாமல் போன பிறகு சாப்பிடுவதைவிட நேரத்துக்குச் சாப்பிடுவது நல்லது.

வயிற்றுப்போக்கு வரும். கீரை, முழுத் தானியம், பச்சைக் காய், பால், காரக் குழம்பு எல்லாவற்றுக்கும் சில வாரம் விடுப்பு. இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், மோர், வேகவைத்த முட்டை, காரமில்லாமல் அவித்த மீன். வஞ்சிரம் வறுவலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கீமோவால் வெள்ளணுக்கள் குறையும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று படுத்தவர்கள் சிலர் எழுந்திருக்கவில்லை. கேப்சைடபின் சாப்பிடுகிறவருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்தாலோ வாய் முழுக்கப் புண்ணானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும்.

பணம்

குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்கும். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பயாப்சி ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் அட்டை வேலையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

ஆலைத் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ.யை மறந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு அது உண்டு. சிகிச்சைச் செலவு மட்டுமல்ல, புற்றுநோய் போன்ற நீண்டநாள் நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து சந்தாவும் கட்டியவருக்கு, சம்பளத்தில் 80 சதவீதம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் பிடித்தம் இருந்தால் உரிமை உண்டு. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

முடிந்த பிறகு

கடைசி நாள் கதிர்வீச்சு முடிந்ததும் கட்டி மறைந்துவிடாது. மாதக்கணக்கில் மெல்லக் கரையும். 11ஆம் வாரத்தில் மிச்சம் தெரிந்தவர்களில் பலருக்கு 26ஆம் வாரத்தில் ஒன்றும் இல்லாமல் போனதை இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆகவே ஆறு மாதம் வரை பொறுத்திருந்து பார்ப்பது மருத்துவரின் அலட்சியம் அல்ல. அந்த ஆறு மாதத்தில் கட்டி வளர்ந்தாலோ, பிறகும் கரையாமல் நின்றாலோ, திரும்ப வந்தாலோ மைல்ஸின் பழைய அறுவைதான். அப்போது பை வரும். பை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், நீண்ட ரயில் பயணம் செய்கிறவர்கள் ஏராளம். பையைப் பொருத்தக் கற்றுக்கொடுக்கும் நர்ஸை அறுவைக்கு முன்பே பார்த்துப் பேசுவது பாதிப் பயத்தைப் போக்கும்.

பை இல்லாமல் தப்பியவர்களுக்கும் அவசரமாக மலம் வருவது, கொஞ்சம் கசிவது போன்ற தொல்லை சில காலம் இருக்கலாம். பெண்களுக்குப் பிறப்புறுப்பு சுருங்கக்கூடும். அதற்கு டைலேட்டர் என்ற கருவியைப் பயன்படுத்தச் சொல்லித்தருவார்கள். இதை யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். ஐந்து ஆண்டு வரை, முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே விரல் பரிசோதனை.

பிள்ளைகளுக்கு வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2023 ஜனவரியில் வெளிவந்தது. 16, 18 எண் வகைகள் உட்பட நாலு வகை எச்.பி.வி.யைத் தடுக்கும். தமிழக அரசு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தை அறிவித்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயை மனதில் வைத்துத்தான் அந்த அறிவிப்பு. ஆனால் ஊசி ஆசனவாயையும் காக்கும், ஆண்பிள்ளையையும் காக்கும். 9 முதல் 26 வயது வரை இரு பாலருக்கும் போட அனுமதி உண்டு. பெண்ணுக்கு அரசு ஊசி எப்போது என்று பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். பையனுக்குக் குழந்தைகள் மருத்துவரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். முடிந்தவர்கள் போட்டுவிடுங்கள், 15 வயதுக்குள் தொடங்கினால் இரண்டு ஊசி போதும், தாண்டினால் மூன்று.